மயிலாப்பூர் வீட்டுக்கும் மேடவாக்கம் ஃப்ளாட்டுக்கும் ஒரே மோல்டிங் சரிவருமா?

கேள்வி சுருக்கமாக இது. மேடவாக்கத்தில் புதிதாக வாங்கிய 3 படுக்கையறை ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் செய்பவர் 'கிளாசிக் லுக்' என்று சொல்லி ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்: கூரையோரம் முழுக்கப் பூவேலை கார்னிஸ், சுவரெல்லாம் சட்டம் சட்டமாக மோல்டிங் என்கிற அலங்காரப் பட்டை, ஒவ்வொரு கதவையும் சுற்றி 5 அங்குல அகலப் பட்டை. இதே நேரத்தில் மயிலாப்பூரில் தாத்தா 1940 வாக்கில் கட்டிய வீட்டிலும் பழுது வேலை நடக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிசைனாக வாங்கினால் விலை குறையும் என்கிறார் அவர், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டில் ஒரு வீடு கட்டாயம் கெட்டுப்போகும். உங்கள் கொட்டேஷனைப் பார்த்தால் இரண்டுமே கெட்டுப்போகும் என்று தோன்றுகிறது. வீடுகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்வது 25 வருடமாக என் பிழைப்பு. ஆசாரி, கொத்தனார், பெயிண்டர் மூவருக்கும் நடுவில் நின்று மூவரிடமும் திட்டு வாங்குகிற வேலை. மோல்டிங்கை கேட்லாக் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு எதுவும் எனக்கு நிறைவாக அமைந்ததில்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே என்ன கோடு ஓடுகிறது என்று பார்த்து, அதையே நீட்டிக்கொண்டு போன வீடுகள்தான் பத்து வருடம் கழித்துப் போனாலும் பார்க்கிற மாதிரி இருக்கின்றன.

இந்தப் பட்டைகளெல்லாம் அழகுக்கு வந்தவை என்று நினைக்கிறோம். வேலைக்கு வந்தவை. மரமும் பூச்சும் சேருகிற இடத்தில் இடைவெளி விடாமல் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும், சுவர் அப்படியே நிற்கும். அந்த இடைவெளியை மறைக்கத்தான் நிலையைச் சுற்றி மோல்டிங். தரை துடைக்கிற தண்ணீர் சுவரில் ஏறாமலிருக்க சுவரடியில் ஸ்கர்ட்டிங். நாற்காலி முதுகு இடித்துப் பூச்சு பெயராமலிருக்க இடுப்புயரத்தில் ஒரு பட்டை. சுவரும் கூரையும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் தெரியாமலிருக்க கார்னிஸ். மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் போட்ட மோல்டிங் ஒட்டவைத்த மீசை மாதிரிதான் இருக்கும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த முறை கபாலீசுவரர் கோவிலுக்குப் போகும்போது சன்னதிச் சுவரின் அடிப்பகுதியை ஐந்து நிமிடம் பாருங்கள். பழைய கற்கோவில் பெரும்பாலானவற்றில் அந்த அடிப்பகுதிக்கு, அதாவது அதிட்டானத்துக்கு, ஒரு வரிசை உண்டு. கீழே உபானம், அதன்மேல் ஜகதி, அதற்கும் மேல் உருண்டையாகவோ பட்டை தீட்டியோ குமுதம், உள்ளே ஒடுங்கிப்போகும் கண்டம், மறுபடி வெளியே நீட்டிக்கொண்டு வரும் பட்டிகை. கண்டம் உள்ளே போவதால் அங்கே நிழல் கறுப்பாக விழுகிறது. குமுதத்தின் வளைவில் வெளிச்சம் மெதுவாக மங்கிக்கொண்டே இறங்குகிறது. மேலே சுவர் முடிகிற இடத்தில் கபோதம் வெளியே வளைந்து இறங்கி, மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளுகிறது, கூடவே சுவர்த்தலைக்கு ஒரு நிழலும் கொடுக்கிறது. நம் ஸ்தபதிகள் போட்ட கணக்கு முழுக்க நிழல் எங்கே, எவ்வளவு அகலத்தில் விழ வேண்டும் என்பதுதான். தச்சர் இழைப்புளியால் இழுக்கும் கோட்டுக்கும் அதே கணக்கு.

ஆனால் கோவிலுக்கு வெயில் உண்டு. வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும், சாயங்காலம் கூரை நடுவில் எல்இடி எரியும். நேர்மேலே இருந்து வரும் அந்த விளக்கில் நுணுக்கமான பூவேலை சப்பையாகத் தெரியும்; அதன் இடுக்கில் படிந்த தூசி மட்டும் எடுப்பாகத் தெரியும். போகிக்கு முன்னால் ஒட்டடைக் குச்சியோடு ஸ்டூலில் ஏறுகிறவர் யார் என்று யோசித்துவிட்டு கார்னிஸ் டிசைனைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதலில் மயிலாப்பூர் வீடு, ஏனென்றால் அங்கே இழக்க நிறைய இருக்கிறது. முன்பக்கம் வளைந்த பால்கனி, அதன் கைப்பிடிச் சுவரில் மூன்று இணைகோடு, கிரில்லில் சூரியக் கதிர் மாதிரி டிசைன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆர்ட் டெகோ பாணி. அந்தக் காலத்தில் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் நிறையக் கட்டினார்கள். பாரிமுனையில் 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடமும் அந்த வகையறாதான். வேடிக்கை என்னவென்றால் முகப்புதான் டெகோ, உள்ளே போனால் பாதி அக்கிரகாரம். உங்கள் வீட்டிலும் மாடியில் மெட்ராஸ் டெரஸ் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கலை நிறுத்திவைத்த வாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக அடுக்கிய கூரை.

அந்தக் கட்டைகள் தெரியும் அறைகளில் கார்னிஸ் போடவே கூடாது. ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் அந்த இடம்தான் அங்கே கூரையோரத்தின் அழகு; நிழலும் இடைவெளியுமாக அது தானே ஒரு வரிசை. அதன் கீழே ஒரு பட்டையை ஓட்டினால் கட்டைகள் அந்தரத்தில் தொங்குவது போல ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. கட்டையின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் முதலில் வரும். அதைப் பெட்டி கட்டி மூடிவிட்டால் கெடுவது கண்ணில் படாது, ஒருநாள் கட்டை இறங்கும்போதுதான் தெரியும்.

கீழ்க்கூடத்தில் சமதளமாகப் பூசிய கூரை இருந்து, ஓரத்தில் படிப்படியாக இறங்கும் பட்டை இருந்தால் அது அசல். உடைந்த பகுதியை மட்டும் அதே அளவில் சரிசெய்யுங்கள். புதிதாக ஏதாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால், பால்கனியில் இருக்கிற அந்த மூன்று இணைகோட்டை உள்ளே கொண்டுவாருங்கள். படி, நேர்கோடு, கால்வட்டம் இவ்வளவுதான் டெகோவின் மொழி. கொடியும் இலையும் ரோஜாவும் அதற்கு ஒட்டாது. உங்கள் கொட்டேஷனில் இருக்கும் பூவேலை கார்னிஸ் அந்த வீட்டில் ஏறினால், வேட்டிக்கு மேல் ஷெர்வானி போட்ட கதைதான்.

தரையை விட்டுவிடுங்கள். சிவப்பு ஆக்ஸைடு, ஓரத்தில் கறுப்பு பார்டர், அந்தக் கறுப்பே வளைந்து சுவரில் 5, 6 அங்குலம் ஏறுவது. தரைக்கும் சுவருக்கும் நடுவில் மூலையே இல்லாமல் செய்த ஸ்கர்ட்டிங் அது. அழுக்கு தங்க இடமில்லை. இன்றைக்கு அதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. விரிசலுக்கு ஆக்ஸைடு கலந்து அடைத்து மெழுகு தேயுங்கள், மேலே டைல்ஸ் ஒட்டாதீர்கள். டைல்ஸ் ஒட்டினால் தரை ஒரு அங்குலத்துக்கு மேல் உயரும், கதவுகளை அடியில் அறுக்க வேண்டிவரும், வாசற்படி குட்டையாகும், நிலையின் அடிப்பகுதி டைல்ஸுக்குள் புதையும்.

நிலைக்கு வருவோம். பல தலைமுறை எனாமல் அடித்திருப்பார்கள். சுரண்டினால் உள்ளே பர்மா தேக்கு கிடைக்கலாம். ஆனால் காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் மெஷின் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்ததெல்லாம் சந்தேகம்தான். அந்தத் தூள் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகவே ஆகாது. ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் எடுக்கச் சொல்லுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளாத ஆளை உள்ளே விடாதீர்கள். மரம் வெளியே வந்தபின் அரக்கு பாலிஷ் போதும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுருண்டையால் திரும்பத் திரும்பத் தேய்ப்பது. தண்ணீர் பட்டால் வெளுக்கும், ஆனால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். புது வகை பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் கண்ணாடி மாதிரி நிற்கும்; கீறல் விழுந்தால் மொத்தமாக உரிக்க வேண்டும்.

நிலையைச் சுற்றியுள்ள மோல்டிங் ஒரு பக்கம் காணோம் என்று போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள். கடையில் அந்த உருவம் கிடைக்காது, தேடவும் வேண்டாம். சில வருடம் முன்பு திருவல்லிக்கேணியில் இதே மாதிரி ஒரு வீடு. கூட வந்த ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல். பையில் இருந்து மெல்லிய ஈயக்கம்பியை எடுத்து, மிச்சமிருந்த மோல்டிங்கின் குறுக்கே வைத்து விரல் நுனியால் பள்ளம் மேடெல்லாம் அழுத்தினார். கம்பியை அப்படியே தூக்கி அட்டைமேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். உருவம் வந்துவிட்டது. பிறகு உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை அந்தக் கோட்டின்படி அரத்தால் ராவினார், அரைமணி நேரம். அதை ஒரு மரக்கட்டையின் பிளவில் செருகி ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டு, தேக்குப் பட்டைமேல் இழுக்க ஆரம்பித்தார். முதலில் தூள்தான் வந்தது. முப்பது நாற்பது இழுப்புக்குப் பிறகு சுருள் சுருளாக மரம் உதிர்ந்து, பழைய மோல்டிங்கின் அதே வயிறும் அதே கழுத்தும் தெரிந்தது. 7 அடி நீளம் முடிக்க ஒரு பகல். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புதுசு எது என்று நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அப்படி ஒருவர் கிடைத்தால் கூலி பேரம் பேசாதீர்கள்.

பொருத்தும்போது கவனம். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி நேரடியாக அடித்தால் பிடிக்காது, பெரிய வட்டமாகப் பெயர்ந்து விழும். செங்கல்வரை துளை போட்டு மரக்கட்டை செருகி, அதில் ஸ்குரூ முடுக்க வேண்டும். பெயர்ந்த இடத்தை சிமென்ட்டால் பூசுவதும் தப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும், இரண்டு மழைக்குள் ஓரமெல்லாம் உப்பும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

இப்போது மேடவாக்கம். இங்கே எல்லாமே தலைகீழ். தளத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒன்பதரை அடி, ஃபால்ஸ் சீலிங் போட்டால் 9 அடி. ஜன்னல் யுபிவிசி, தரை விட்ரிஃபைட் டைல்ஸ், நிலை மெல்லிசு. சுவரெல்லாம் நேர்கோடு, ஆனால் மூலைக்கு மூலை பீம் துருத்திக்கொண்டிருக்கும். கார்னிஸ் ஓடிக்கொண்டே வந்து பீமில் முட்டும்போது என்ன செய்வது? பீமைச் சுற்றி இறங்கி ஏறினால் கோட்டை மதில் மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்தினால் பணம் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கில் பீம் மறைகிற அறையில் மட்டும், 2 அல்லது 3 அங்குலத்துக்கு வெறும் கால்வட்ட ஜிப்சம் பட்டை (கோவ்) போடலாம். எனக்குப் பிடித்தது அதுவும் இல்லை. சீலிங் சுவரைத் தொடாமல் 10, 12 மில்லி இடைவெளி விட்டு நிற்கிற ஷேடோ கேப். அந்தக் கறுப்புக் கோடுதான் கோவிலில் பார்த்த கண்டம். மூலை விரிசலும் தெரியாது, தூசியும் தங்காது. சீலிங் ஆள் கொஞ்சம் முணுமுணுப்பார், ஏனென்றால் அவர் கோடு நேராக இருந்தாக வேண்டும்.

கதவைச் சுற்றி 5 அங்குலப் பட்டை எப்படியும் நடக்காது. டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் படுக்கையறைக் கதவுக்குப் போங்கள். ஒரு பக்கம் நிலையிலிருந்து குறுக்குச் சுவர்வரை எவ்வளவு இருக்கிறது? பெரும்பாலான ஃப்ளாட்டில் 3, 4 அங்குலம்தான் விட்டிருப்பார்கள். மறுபக்கம் சுவிட்ச் போர்டு ஐந்தாறு அங்குலத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே 7 அடியில் லாஃப்ட் இருந்தால் தலைப்பட்டைக்கும் இடமில்லை. அங்கே வந்தபிறகு ஆசாரி ஒரு பக்கப் பட்டையை நெடுக அறுத்து ஒல்லியாக்கி ஒட்டுவார். கதவுக்கு ஒரு காது பெரிசு, ஒரு காது சிறிசு. கதவு அகலத்தில் ஆறில் ஒரு பங்கு பட்டை என்று பழைய கட்டடக் கலையில் ஒரு அளவு உண்டு; 3 அடிக் கதவுக்கு 6 அங்குலம் வரும். அது 12 அடி உயரக் கூடத்துக்கும் ஒன்றரை அடி கனச் சுவருக்கும் சொன்னது. மயிலாப்பூரில் சரி. இங்கே இரண்டரை அல்லது 3 அங்குலம், தட்டையான முகம், ஓரத்தில் லேசாக உருட்டல் அல்லது ஒரே ஒரு காடி (பள்ளக் கோடு). நிலையின் விளிம்பிலிருந்து 5 மில்லி சுவர்ப்பக்கமாகத் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். விளிம்போடு விளிம்பாக வைத்தால் எங்காவது ஒரு நூல் விலகியே தீரும், கண் அங்கேயே போகும். 5 மில்லி விட்டால் அது வேண்டுமென்றே விட்டதாகத் தெரியும்.

ஸ்கர்ட்டிங் இந்த உயரத்துக்கு 3 அல்லது 4 அங்குலம் போதும்; 12 அடிக் கூடத்தில் 6 முதல் 8 வரை தாங்கும். டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கில் நம்மூர்த் தொல்லை ஒன்று இருக்கிறது. டைல் 8, 10 மில்லி, பின்னால் கலவை 10 மில்லி, ஆக முக்கால் அங்குலம் சுவரைவிட்டு வெளியே நிற்கும். அந்த விளிம்பு தூசிக்குப் பரண். கதவுப் பட்டையின் கனம் 12 மில்லி என்றால் ஸ்கர்ட்டிங் அதைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கும். எப்போதும் கதவுப் பட்டை கனமாகவும் ஸ்கர்ட்டிங் ஒல்லியாகவும் இருந்து, ஒல்லியானது கனமானதில் போய் முடிய வேண்டும். பில்டர் ஏற்கெனவே ஒட்டிவிட்டார் என்றால், கதவுப் பட்டையின் அடியில் இரு பக்கமும் கனமான ஒரு மரத்துண்டு வைத்து அதில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். பழைய வீடுகளில் இந்த அடிக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள்.

சுவரில் சட்டம் சட்டமாக மோல்டிங்? ஆசையிருந்தால் ஒரே ஒரு சுவரில், சோபாவுக்குப் பின்னாலோ சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலோ செய்யுங்கள். வீடு முழுக்க வேண்டாம். ஒரு அங்குல அகல மெல்லிய பட்டை, சுவருக்கு அடித்த அதே நிறம். கணக்கு எளிது. சுவர் 12 அடி, அதாவது 144 அங்குலம். இடைவெளி எல்லாம் 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 5 சட்டத்துக்கு 6 இடைவெளி, 24 அங்குலம் போகும். மிச்சம் 120, ஒரு சட்டம் 24 அங்குலம். நிமிர்ந்து நிற்கிற சட்டம் தாழ்ந்த கூரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், படுத்த சட்டம் அமுக்கும். ஆனால் இந்தக் கணக்குக்கு முன்னால் சுவிட்ச் போர்டு, ஏசி பாயின்ட், டிவி பாயின்ட் எல்லாவற்றையும் சுவரில் குறியுங்கள். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டு 4 அடி உயரத்தில் வரும். இடுப்புப் பட்டை ஓட்டினால் அதன் தலையிலோ காலிலோ இடிக்கும். போர்டு சட்டத்தின் நடுவில் வரலாம், இடைவெளியின் நடுவில் வரலாம், பட்டையை வெட்டிக்கொண்டு மட்டும் வரக்கூடாது. எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்துவதற்கு முன்னால் இதை முடித்துவிட்டால் போர்டை நகர்த்துவது பத்து நிமிட வேலை.

பொருள் விஷயத்தில் சென்னை ஒன்றும் பெருந்தன்மையான ஊர் இல்லை. கடற்காற்று, மழைக்கால ஈரம், கரையான், எல்லாவற்றுக்கும் மேலாகத் தினம் தண்ணீர் ஊற்றித் துடைக்கிற பழக்கம். 2011-ல் அடையாறு பக்கம் ஒரு வீட்டில் வெளிநாட்டுப் படத்தைக் காட்டி வெள்ளை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங் கேட்டார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தலையாட்டிவிட்டேன். ஆடி மாதம் வேலை முடிந்தது. தை பிறப்பதற்குள் அடிவிளிம்பு டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. வெட்டின முனை வழியாகத்தான் தண்ணீர் குடித்திருக்கிறது; முகத்தில் மூன்று கோட்டிங் அடித்த எங்களுக்கு அடிப்பக்கம் அடிக்கத் தோன்றவில்லை. என் செலவில் பிடுங்கி, கல் ஸ்கர்ட்டிங் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து தரையைத் தொடும் எதுவும் கல், டைல், ஆக்ஸைடு, இல்லை வைரம் பாய்ந்த மரம். உங்கள் ஃப்ளாட் தரைத்தளமா என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் புகுந்த வீடுகளில் பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் அள்ளிக் கொட்டப்பட்டதைப் பார்த்தவன் நான். தேக்கு நிலைகள் காய்ந்து, பாலிஷ் போட்டு, இன்னமும் நிற்கின்றன. வெள்ளைதான் வேண்டும், மரமாகத் தெரிய வேண்டும் என்றால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பரவாயில்லை. நனைந்தாலும் உப்பாது, கரையானும் சீண்டாது. பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் உரியும். அதற்குமுன் வெள்ளை ஸ்கர்ட்டிங்கின் மேல் மாப்பு இழுத்த சாம்பல் கோடு ஆறே மாதத்தில் விழும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தரையைத் தொடாத, பெயின்ட் அடிக்கப்போகிற மோல்டிங்குக்கு பியூ நல்லது. லேசு, ஈரம் குடிக்காது. தெர்மாகோல் மாதிரி இருக்கிற பாலிஸ்டைரீன் பட்டை மலிவு, நகம் பட்டால் பள்ளம் விழும். அதற்கு ஆயில் பெயின்ட்டோ தின்னர் கலந்த பசையோ பட்டால் கரைந்துவிடும், தண்ணீரில் கலக்கும் எமல்ஷன்தான் அடிக்க வேண்டும். பூஜையறைப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள், விளக்கும் சாம்பிராணியும் இருக்கிற இடம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கார்னிஸ் கடைசி மாடியில் ஆபத்து: மொட்டைமாடி ஒரு இடத்தில் கசிந்தால் மஞ்சள் கறை படிந்து மாவாகும். சமையலறைக்கு மோல்டிங்கே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு.

மூலை சேர்ப்பில்தான் வேலைக்காரன் யார் என்று தெரியும். இரண்டு துண்டையும் 45 டிகிரி வெட்டி வைத்தால் மூலை 90 டிகிரி இருந்தால்தான் சேரும். நம் சுவர்கள் 88, 92 என்றுதான் இருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளிமூலை 92 என்றால் இரண்டையும் 46-ல் வெட்ட வேண்டும். உள்மூலையில் அதைவிட நல்ல வழி, ஒரு துண்டை மூலைவரை நேராக முட்டவிட்டு, அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்கேற்பச் செதுக்கி மேலே பொருத்துவது. மரம் சுருங்கினாலும் இடைவெளி திறக்காது. இதைச் செய்யத் தெரியுமா என்று வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு மூலை செய்து காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் பட்டி வச்சு அடைச்சிரலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பட்டி உதிரும். சின்ன இடைவெளிக்கு அக்ரிலிக் சீலன்ட். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது.

எதையும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் பழைய அட்டைப்பெட்டியை 3 அங்குலப் பட்டையாகவும் 5 அங்குலப் பட்டையாகவும் வெட்டி, மாஸ்கிங் டேப் போட்டு ஒரு கதவில் ஒட்டி மூன்று நாள் விட்டுவிடுங்கள். காலையில் ஒருமுறை, விளக்குப் போட்டபின் ஒருமுறை பாருங்கள். ஒரு ஞாயிறு ஒழிந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போய்வாருங்கள். ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய செட்டிநாட்டு வீடு அங்கே இருக்கிறது. நிலைக்கும் கதவுக்கும் கூரைக்கும் உள்ள அளவைப் பார்த்தால், காரைக்குடி பழைய சாமான் கடையில் வாங்கிய தூண் ஏன் ஒன்பதரை அடி ஹாலில் மூச்சுமுட்டி நிற்கிறது என்பது புரியும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வாங்கலாம். வாசல் நிலையின் மேல் மோல்டிங் அடித்து, பாலிஷ் போட்டு முடித்த மறுநாள் யாராவது மாவிலைத் தோரணம் கட்ட இரண்டு ஆணி அடிப்பார்கள், அதுவும் சரியாக மோல்டிங்கின் மூக்கில். மரம் வெடிக்கும். பாலிஷுக்கு முன்னாலேயே மெல்லிய துளை போட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பித்தளைக் கொக்கி முடுக்கிவிடுங்கள். மயிலாப்பூருக்கு இரண்டு, மேடவாக்கத்துக்கு இரண்டு.